பரணில் இருக்கும் கிறிஸ்மஸ் பீர்

அன்புள்ள சார்,

நான் தண்டையார்பேட்டைக்காரன். துறைமுகத்தில் வேலை. சாப்பாட்டைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிப்பேன். குடியைப் பற்றிக் கேட்கலாமா என்று தயங்கிவிட்டு இப்போது எழுதுகிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜினீயர். ஆன்ட்வெர்ப்பில் இறங்கி விமானத்தில் ஊர் வந்தபோது பெல்ஜியத்துக் கிறிஸ்மஸ் பீர் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார். 750 மில்லி, கார்க் அடைத்தது, 10 சதவீதம். போன ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து ஒன்றைத் திறந்தோம். ஃப்ரீசரில் வைத்து நன்றாக ஜில்லாக்கி, நெத்திலி வறுவலோடு, வழக்கம்போல மடமடவென்று குடித்தோம். உண்மையைச் சொன்னால் இருமல் மருந்து மாதிரி இருந்தது. கிராம்பு வாசனை தூக்கல். ஆனால் லேபிளில் கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் என்றுதான் இருக்கிறது, கிராம்பே இல்லை என்று மாமா சொல்கிறார். அடியில் மண்டி வேறு. கெட்டுப்போயிருக்குமோ?

இவ்வளவு காசு கொடுத்து இதை ஏன் குடிக்கிறார்கள்? நம் கடை ஸ்ட்ராங் பீரில் நாலு கிராம்பும் ஒரு துண்டு பட்டையும் போட்டால் இதுதானே? பனியே விழாத நம் ஊருக்கு இது எதற்கு? இன்னொரு பாட்டில் பரணில் கிடக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கொடுத்துவிடாதீர்கள். முதலில் அந்த பாட்டிலைப் பரணிலிருந்து இறக்கி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிற்க வையுங்கள். நம் பக்கத்து வீடுகளில் பரண் என்பது கூரைக்கு ஒரு முழம் கீழே இருக்கிற இடம். மார்கழி மதியத்தில்கூட அங்கே கை வைத்தால் சூடு தெரியும். பீரைச் சீக்கிரம் கிழடாக்குவது சூடுதான். ஃப்ரீசர் மட்டும் வேண்டாம். மறந்து விட்டுவிட்டால் உறைந்து, பாட்டில் வெடித்துவிடும்.

நீங்கள் குடித்தது கெட்டுப்போன பீர் இல்லை. அடியில் கண்ட மண்டி, ஈஸ்ட். பெல்ஜியத்தில் பல பீர்களை பாட்டிலில் அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்ட்டும் சேர்த்தே அடைக்கிறார்கள். மூடிய பாட்டிலுக்குள் அது இன்னொரு முறை நொதித்து நுரைக்கு வேண்டிய வாயுவை உண்டாக்கிவிட்டு அடியில் படிந்துவிடும். கெட்டிருந்தால் ஈர அட்டைப்பெட்டி வாசனையோ காடி நெடியோ அடித்திருக்கும். நீங்கள் அதையெல்லாம் சொல்லவில்லை, கிராம்பைத்தான் சொல்கிறீர்கள்.

அந்தக் கிராம்புக்கு வருவோம். உங்கள் மூக்கும் சரி, லேபிளும் சரி. கிராம்பே போடாமல் கிராம்பு வாசனை வரும், அதைத் தருவது ஈஸ்ட். பார்லியின் உமியோடு ஒட்டிய பகுதியில் ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. பெல்ஜியத்து ஈஸ்ட் வகைகள் பலவும் அதை உடைத்து 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றிவிடும். அசல் கிராம்பின் வாசனைக்குக் காரணமான யூஜினாலுக்கு அது நெருங்கிய உறவு. அதே ஈஸ்ட், வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிடேட்டையும் உண்டாக்கும். அதனால் மசாலா வாசனை அடிக்கிற கிறிஸ்மஸ் பீரில் எல்லாம் மசாலா போட்டிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். போடுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து கிரேட் லேக்ஸ் ஆலையில் கிறிஸ்மஸ் ஏல் என்ற பீரை தேன், இஞ்சி, பட்டை சேர்த்து 7.5 சதவீதத்தில் காய்ச்சுகிறார்கள். உங்களுடையதில் இருந்தது தனியா. இன்று இரவு சமையலறையில் நாலு தனியாவை வறுக்காமல் நசுக்கி முகர்ந்து பாருங்கள். குழம்பு வாசனை வராது, ஆரஞ்சுத் தோல் வாசனை வரும். அந்த இரண்டையும் அவர்கள் ஏன் சேர்த்துப் போடுகிறார்கள் என்பது அப்போது புரிந்துவிடும்.

இருமல் மருந்து என்றீர்கள். நமக்குக் கிராம்பு என்றால் பல்வலி, பல்பொடி, தைலம் எல்லாம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்த ஒரு வாசனை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றதற்குக் காரணம், நீங்கள் அதைக் குடித்த குளிர். அவ்வளவு ஜில்லென்று இருக்கும்போது நாக்குக்கு இனிப்பு சரியாகத் தெரியாது. வாசனைப் பொருள்களில் பெரும்பகுதி மேலே எழும்பாது. கசப்பும் காட்டமும்தான் மிஞ்சும். அந்த பீரில் இருந்த பேரீச்சம்பழம், உலர்திராட்சை, காய்ச்சின பாகின் ருசி எதுவும் உங்கள் நாலு பேருக்கும் வந்து சேரவே இல்லை. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. கப்பல் வேலை பார்க்கிற மனிதர் அத்தனை தூரம் பத்திரமாகத் தூக்கிவந்த பாட்டில் அது.

கடை பீரில் கிராம்பு போட்டால் இதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. போட்டுப் பார்த்தால் கசக்கிற கஷாயம்தான் கிடைக்கும். மசாலா உட்கார்வதற்குக் கீழே ஒரு கனம் வேண்டும். அந்தக் கனம் மால்ட்டிலிருந்து வருகிறது. முளைவிட்ட பார்லியைக் காயவைத்தால் மால்ட். அதையே இன்னும் சூடேற்றி வறுக்க வறுக்க நிறமும் ருசியும் ஏறும். 10 சதவீத பீருக்கு, சாதாரண பீருக்குப் போடுவதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு மால்ட்டும் சர்க்கரையும் போக வேண்டும். ஈஸ்ட் தின்றது ஆல்கஹாலாகிறது, தின்னாமல் விட்டது கனமாகவும் இனிப்பாகவும் தங்குகிறது. கொதியின் கடைசி நிமிடங்களில் மசாலாவைச் சேர்ப்பார்கள். பிறகு வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், குளிர்ந்த அறையில் கிடக்கவிட்டால் காட்டம் அடங்கி எல்லாம் ஒன்றோடொன்று சேரும்.

நம் கடையில் கிடைக்கும் ஸ்ட்ராங் பீர் வேறு கணக்கில் செய்யப்படுவது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல், 8 சதவீதம் வரைதான் ஸ்ட்ராங் பீர். உங்கள் மாமா கொண்டுவந்தது நம் சட்டக் கணக்கில் பீரே இல்லை. நம்முடையதில் மால்ட்டோடு அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை என்று சேர்ப்பது வழக்கம். ருசி லேசாக இருக்க வேண்டும், தொண்டையில் நிற்காமல் இறங்க வேண்டும், ஏற வேண்டும். நாள் முழுக்க வெயிலில் சுமை தூக்கினவர், கடை மூடுவதற்குள் போய் வாங்கி, நின்ற இடத்திலேயே குடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் அவருக்கு அந்த பீர்தான் பொருத்தம். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் கடை பீரில் போதைக்காக ஆல்கஹாலை ஏற்றுகிறார்கள். கிறிஸ்மஸ் பீரில் ருசியின் கனத்தைத் தாங்க ஆல்கஹால் ஏறுகிறது, அந்தக் கனமே ஆளை மெதுவாகக் குடிக்கச் சொல்கிறது. ஒன்றைக் குடிக்கும் விதத்தில் மற்றொன்றைக் குடித்தால் இரண்டாவது தோற்றுத்தான் போகும். இதைத்தான் இந்தக் கடிதத்தில் உங்களிடம் சொல்ல நினைக்கிறேன்.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 750 மில்லியில் 10 சதவீதம் என்றால் 75 மில்லி சுத்த ஆல்கஹால். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 45 மில்லி விஸ்கி குடித்த கணக்கு. அதை மடமடவென்று இறக்கினால் மருந்து மாதிரிதான் இருக்கும்.

பனி இல்லாத ஊருக்கு எதற்கு என்ற கேள்வியில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. குளிர்கால பீர் வலுவாக இருப்பதற்குக் காரணம் குளிரைப் போக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். குடித்ததும் நெஞ்சில் பரவுகிற சூடு ஒரு உணர்வுதான். தோலுக்கு அருகே ரத்தக் குழாய்கள் விரிவதால் உடம்பு உண்மையில் சூட்டை இழக்கிறது. அசல் காரணம் விவசாயமும் பண்டிகையும். அறுவடை முடிந்து பார்லி கையில் இருக்கும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் குளிர் மாதங்களில் காய்ச்சியதுதான் புளிக்காமல் நிற்கும். பவேரியாவில் 1553-ல் வந்த ஆணை, செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் பீர் காய்ச்சலாம் என்றே சொன்னது. நார்வேயின் மேற்குப் பகுதியில் மத்திய காலத்தில் நடப்பில் இருந்த குலாதிங் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கிறிஸ்மஸுக்குக் குடியானவர்கள் கட்டாயம் பீர் காய்ச்ச வேண்டும், அண்டை வீட்டாரோடு சேர்ந்து அருந்தி நல்ல விளைச்சலுக்கும் அமைதிக்கும் வேண்டிக்கொள்ள வேண்டும், தவறினால் அபராதம், மூன்று வருடம் தொடர்ந்து தவறினால் சொத்தே போய்விடும். இருப்பதிலேயே நல்ல தானியத்தைத் தாராளமாகப் போட்டு ஊரோடு பகிர்வதற்குக் காய்ச்சியது அது. இங்கிலாந்தில் ஏல் என்ற பீர் வகையைச் சூடாக்கி, சர்க்கரை, ஜாதிக்காய், இஞ்சி, சுட்ட ஆப்பிள் போட்டு ஒரே பாத்திரத்திலிருந்து பகிர்ந்து குடிக்கும் வாசைல் என்ற வழக்கமும் உண்டு.

இதில் எது நமக்கு அந்நியம்? ராயபுரத்திலும் பெரம்பூரிலும் டிசம்பர் பிறந்தால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேக்குக்கான உலர்பழங்களை ரம்மில் ஊறப்போட்டிருப்பார்கள். இஞ்சி, கிராம்பு, பட்டை கொதிக்கவைத்து, கருக்கின சர்க்கரையில் நிறமேற்றி இஞ்சி ஒயின் செய்து, வருகிற குழந்தைக்கும் ஒரு சின்ன டம்ளர் கொடுப்பார்கள். கல்கலும் அச்சு முறுக்கும் டின்னில் நிறைந்திருக்கும். ஏலக்காயும் ஜாதிக்காயும் பாரிமுனைக்கு ஒரு பஸ் தூரம். ஐரோப்பாக்காரர்கள் கடல் கடந்து தேடிவந்த சரக்கு நமக்கு மளிகைக்கடைப் பொட்டலம். இந்த பீரை ருசிக்க, பனியில் வளர்ந்தவரைவிட வடசென்னைக்காரரின் நாக்குக்குத் தகுதி அதிகம் என்றே நான் நம்புகிறேன்.

நான் இந்த வகையை முதலில் குடித்ததும் பெரம்பூரில்தான். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர், நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் சின்னச் சின்னக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினார். யாரையும் உடனே குடிக்கவிடவில்லை. “முகர்ந்துகொண்டே பேசுங்கப்பா, இன்னும் ஆறட்டும்” என்றார். ஆற வேண்டியது குளிர்தான். பேச்சு எங்கெங்கோ போய்வந்த பிறகு எடுத்துக் குடித்தபோது முதலில் கருப்பட்டி, பிறகு ஆரஞ்சு, கடைசியில் தொண்டையில் கிராம்பு. அரை டம்ளர் முடிக்க வெகுநேரம் ஆனது. அன்று அங்கே யாரும் தள்ளாடவில்லை.

சரி, உங்கள் இரண்டாவது பாட்டில். பிரிட்ஜிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து நாற்பது நிமிடம் காத்திருங்கள். நம் ஊர் டிசம்பர் இரவில் அதற்குள் 12 டிகிரிப் பக்கம் வந்துவிடும், அதுதான் பதம். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். வயிறு அகன்று வாய் குறுகின கண்ணாடிக் கோப்பை இருந்தால் நல்லது, இல்லையென்றால் சாதாரண கண்ணாடி டம்ளரில் பாதிக்கும் கீழே ஊற்றுங்கள். பாட்டிலை ஆட்டாமல் சாய்த்து ஊற்றினால் மண்டி அடியிலேயே நிற்கும். ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்துவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து அடுத்த வாய் குடித்தால் வேறு பீராக இருக்கும்.

நெத்திலி வறுவலை அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள். மிளகாய்க் காரத்தை உணர்கிற அதே நரம்பு முனைகளை ஆல்கஹாலும் தூண்டுகிறது, இரண்டும் சேர்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். பிளம் கேக் நன்றாகப் போகும். என்னைக் கேட்டால் அதைவிடவும் நல்ல துணை, பிரியாணிக்குக் கூட வருமே அந்த பிரட் அல்வா. நெய்யும் கருகின சர்க்கரையும் இந்த பீரின் மால்ட்டோடு அப்படியே சேரும். இந்த முறை நாலு பேருக்குப் பதில் ஆறு பேராக உட்காருங்கள்.

அப்புறம் மாமா மறுபடி கப்பலேறும்போது ஆஸ்திரியாவின் சாமிக்லாஸ் என்ற பீர் கிடைக்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள். வருடத்தில் ஒரே நாள், டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் திருநாளன்று காய்ச்சி, சுமார் பத்து மாதம் கிடக்கவைத்து விற்பது. 14 சதவீதம். மசாலா எதுவும் கிடையாது. 1979-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஆரம்பித்தது, இப்போது ஆஸ்திரியாவின் எகன்பெர்க் ஆலையில் காய்ச்சுகிறார்கள். இரண்டு பாட்டில் கிடைத்தால் ஒன்றை உடனே திறங்கள், மற்றதை பிரிட்ஜின் அடித்தட்டில் அடுத்த கிறிஸ்மஸ் வரை விடுங்கள். இவ்வளவு வலுவான பீர் ஒரு வருடத்தில் காட்டம் குறைந்து உலர்திராட்சைப் பக்கம் நகரும். இரண்டையும் குடித்துவிட்டு எது பிடித்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்