சீசியம் ஃபுளோரைடு கற்றை: ஓவன் முதல் கோடு பொருத்துவது வரை

கேள்வி: ஓவனில் ஆவியாக்கி வேக்யூமில் விடும் மூலக்கூறு கற்றையில் மீநுண் கட்டமைப்பு (கருக்களின் தற்சுழற்சியால் ஆற்றல் மட்டங்கள் நுணுக்கமாகப் பிரிவது) அளக்க எல்லாரும் சீசியம் ஃபுளோரைடில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஏன் சார்?

பதில்: டிடெக்டர் சுலபம், அதனால்தான். 1947-இல் இயற்பியலாளர் எச். கே. ஹியூஸ் மின் ஒத்ததிர்வு முறையை, அதாவது மின்புலத்தில் போகும் மூலக்கூறை ரேடியோ அலையால் நிலை மாற வைத்து அளப்பதை, செய்து காட்டியதும் இதே உப்பில். சீசியத்தின் அயனியாக்க ஆற்றல் 3.89 எலக்ட்ரான் வோல்ட். டிடெக்டர் கம்பியான டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் (அதிலிருந்து எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையானது) சுமார் 4.5, அதைவிட அதிகம். சூடான கம்பியில் பட்டதுமே மூலக்கூறு உடைந்து சீசியம் அயனியாகக் கிளம்பிவிடும். லித்தியத்துக்கு (5.39) வெறும் டங்ஸ்டன் போதாது, ஆக்சிஜன் விட்டு மேற்பரப்பை ஆக்சைடாக்க வேண்டும். கம்பியில் ஒளிந்திருக்கும் பொட்டாசியமும் அயனியாக வரும். அதைப் பிரித்து ஒதுக்க நிறை வடிகட்டி கட்டாயம்.

கேள்வி: கொஞ்ச நேரத்தில் கற்றை நின்றுவிடுகிறது.

பதில்: ஓவனிலிருந்து கற்றை வெளிவரும் ஸ்லிட் (குறுகிய பிளவு) அடைத்திருக்கும். அதற்குத் தனி ஹீட்டர் வைத்து, உப்பு இருக்கும் பகுதியைவிட 50 டிகிரியாவது கூடுதலாக வையுங்கள். இந்த உப்பு ஈரத்தை இழுக்கும். அவசரமாகச் சூடேற்றினால் ஈரம் கொதித்து உப்பைச் சிதறடித்து ஸ்லிட்டில் அப்பிவிடும். வேக்யூமில் 200–300 டிகிரியில் நிறுத்தி, அழுத்தம் இறங்கிய பிறகே மேலே போங்கள்.

கேள்வி: சிக்னல் ஏன் இவ்வளவு குறைவு?

பதில்: 1000 கெல்வினில் ஜே=1, எம்=0, அதிர்வு எண் 0 (ஜே சுழற்சியின் எண், எம் அதன் திசையின் எண்) என்ற ஒரே நிலையில் இருப்பது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு மூலக்கூறுதான். நான்முனை லென்ஸ் (நான்கு மின்முனைகள் கொண்டது) அதைக் குவிக்கும். நேர்கோட்டில் வருவதை மறைக்க அச்சில் ஒரு தடுப்பு வைக்காவிட்டால் மீதி எல்லாம் இரைச்சலாக வந்து சேரும்.

கேள்வி: நிறமாலைக் கோட்டின் அகலம் 2 கிலோஹெர்ட்ஸ், ஒரு பக்கமாகச் சாய்ந்தும் இருக்கிறது.

பதில்: மூலக்கூறின் வேகம் நொடிக்கு 330 மீட்டர். 1 மீட்டர் நீளப் புலத்தைக் கடக்க 3 மில்லிநொடி. இந்த நேரம் கூடக் கூட அகலம் குறையும்; 3 மில்லிநொடிக்கு அது 300 ஹெர்ட்ஸுக்குள் வந்தாக வேண்டும். முதலில் ரேடியோ அலைவரிசைத் திறனைப் பாதியாக்குங்கள். அகலம் குறைந்தால் குற்றவாளி அதுதான். குறையாவிட்டால் பூமியின் காந்தப்புலத்தைப் பாருங்கள்: 50 மைக்ரோடெஸ்லாவே ஃபுளோரின் கருவை 2 கிலோஹெர்ட்ஸ் வரை நகர்த்தும், மியூ-மெட்டல் (காந்தப்புலத்தைத் தடுக்கும் உலோகக் கலவை) கவசம் வேண்டும். சாய்வுக்குக் காரணம் பெரும்பாலும் மின்புலம். கோட்டின் இடப்பெயர்ச்சி புலத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கும். தகடுகளின் இடைவெளி சமமாக இருக்கிறதா, அவற்றில் உப்புப் படிந்து மின்னூட்டம் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் கழற்றித் தண்ணீரில் கழுவினால் போதும், உப்பு கரைந்துவிடும்.

கேள்வி: ஜே=1 கோடுகள் மட்டும் போதுமா?

பதில்: போதாது. சீசியம் கருவின் தற்சுழற்சி 7/2, ஃபுளோரினுக்கு 1/2. ஆக ஜே=1-இல் ஆறு மட்டங்கள், ஐந்து இடைவெளிகள். தேட வேண்டிய மாறிலிகளும் ஐந்து: சீசியம் கருவின் நான்முனை இடைவினை (கரு உருண்டையாக இல்லாததால் வருவது, சுமார் 1.24 மெகாஹெர்ட்ஸ்), ஃபுளோரினின் தற்சுழற்சி–சுழற்சி இடைவினை (கருவின் தற்சுழற்சிக்கும் மூலக்கூறின் சுழற்சிக்கும் இடையே, சுமார் 15 கிலோஹெர்ட்ஸ்), சீசியத்தின் அதே இடைவினை, கருக்களுக்கு இடையேயான இரண்டு. கடைசி மூன்றும் 1 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே. ஐந்துக்கு ஐந்து என்றால் எந்தக் கணக்கும் அழகாகப் பொருந்தும், தப்பான கோட்டைச் சேர்த்திருந்தாலும் தெரியாது. ஜே=2-ஐயும் அளங்கள். அதிர்வு எண் 1-இன் கோடுகள் பக்கத்திலேயே சுமார் 60 சதவீத வலுவில் நிற்கும். அவற்றை இந்தக் கணக்கில் கலக்க வேண்டாம்.