ஊட்டி விடுதி: கிறிஸ்துமஸ் வாரத்துக்குச் செப்டம்பர் இறுதியிலும் முன்பதிவு இல்லையே?

இப்போதே வாடகையைக் குறைத்துவிடாதீர்கள். அக்டோபர் கடைசி வரை பொறுங்கள்.

"முன்பு செப்டம்பரிலேயே பாதி அறைகள் நிரம்பும்" என்கிறீர்கள். அப்போது ரயில் முன்பதிவு 120 நாளுக்கு முன்பே திறந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள். டிசம்பர் 25 பயணத்துக்கு அக்டோபர் 26இல்தான் டிக்கெட். மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வரும் குடும்பங்கள், டிக்கெட் உறுதியாகாமல் அறைக்குப் பணம் கட்டத் தயங்குவார்கள். பெரும்பாலும் இதுதான் காரணம்.

சென்ற டிசம்பர் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பதிவு செய்த நாளுக்கும் வந்த நாளுக்கும் உள்ள இடைவெளியை எழுதி, வரிசைப்படுத்தி, நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். அது 60 நாளோ அதற்குக் குறைவோ என்றால், செப்டம்பரில் அறைகள் காலியாக இருப்பது இயல்பே. சராசரி வேண்டாம், ஆறு மாதம் முன்பே பதிந்த ஒரே கல்யாணக் கூட்டம் அதைக் கெடுத்துவிடும்.

காரில் வருவோருக்கு இந்த 60 நாள் கணக்கு பொருந்தாது, அவர்களைத் தனியாக எண்ணுங்கள்.