சாரல் வருமா, வரக்கூடுமா? ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது: கேள்வி பதில்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கத்திலிருந்து வந்த கேள்விகள். இனி நடக்கப்போவதையும் நடக்கக்கூடியதையும் ஆங்கிலத்தில் சொல்வது பற்றி மட்டும்.

புளியரை வாசகர்: 'வில்', 'கோயிங் டு' இரண்டும் ஒன்றுதானே?

பல இடங்களில் மாற்றிப் போட்டாலும் குடி முழுகாது. ஆனால் கண்ணெதிரே அடையாளம் தெரிந்தால் 'கோயிங் டு'. கணவாய்ப் பக்கம் மலை கறுத்துக் கிடக்கிறதா? 'இட் இஸ் கோயிங் டு ரெயின்.' இந்த வருஷமும் சாரல் ஏமாற்றாது என்று நம்பிச் சொல்வதற்கு 'வில்'.

ஆரியங்காவு மாணவி: 'நாளை மழை பெய்யலாம்' என்பதற்கு 'இட் கேன் ரெயின் டுமாரோ' என்று எழுதினேன். டீச்சர் அந்த வரியை அடித்துவிட்டார்.

அடித்தது சரிதான். 'உள்ளே வரலாம்', 'கிளம்பலாம்', 'மழை வரலாம்' எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே '-லாம்' போதும். 'கேன்' அப்படி இல்லை. ஓர் இடத்தின் பொது இயல்பைச் சொல்ல அது வரும்: 'இட் கேன் ரெயின் ஹெவிலி ஹியர் இன் ஜூன்.' குறிப்பிட்ட ஒரு நாளை ஊகித்தால் 'மே', 'மைட்', 'குட்' மூன்றில் ஒன்று.

எதிர்மறையில்தான் வம்பு. 'ஹி மே நாட் கம்' என்றால் வராமலும் போகலாம். 'ஹி குட் நாட் கம்' என்றால் வர முடியாமல் போயிற்று என்றே படிப்பார்கள்.

செங்கோட்டை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: 'மே' 50 சதவீதம், 'மைட்' 30 சதவீதம் என்று கைடில் பட்டியல் இருக்கிறதே?

மனப்பாடம் செய்யாதீர்கள். 'மைட்' சற்றுத் தயக்கம் கூடியது என்பார்கள். பேச்சில் பலர் அதைக்கூடப் பார்ப்பதில்லை.

அவரே: சரி, 'ஷுட்' கட்டாயத்துக்கு மட்டும்தானே? 'தி ட்ரெயின் ஷுட் அரைவ் பை சிக்ஸ்' தப்பு என்று நண்பரிடம் வாதாடினேன்.

நண்பர் பக்கம்தான் நான். 'இந்நேரம் ரயில் வந்திருக்கணுமே' என்று பிளாட்பாரத்தில் நின்று சொல்கிறோமே, ரயிலுக்கு யார் உத்தரவு போட்டார்கள்? அதே எதிர்பார்ப்புதான் இந்த 'ஷுட்'.

அந்த நண்பர்: அப்படியானால் 'தி ட்ரெயின் ஷுட் பி லேட்' என்றும் சொல்லலாமா?

ஜெயித்த கையோடு அடுத்த வம்பா! அது ஒட்டாது. கணக்குப்படி நடக்க வேண்டியது, நடந்தால் நல்லது என்று நினைப்பது, இவற்றுக்கே 'ஷுட்' பொருந்தும். தாமதத்தை யார் விரும்புவார்கள்? 'இஸ் லைக்லி டு பி லேட்' என்று எழுதுங்கள். தாமதம் உறுதி என்றே தோன்றினால் 'இஸ் பவுண்ட் டு பி லேட்'. இருவரும் டீக்கடையில் மீதியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தென்மலை வாசகர்: 'இஃப் இட் வில் ரெயின்' சரியா?

இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். 'இஃப் இட் ரெயின்ஸ்.' நாளைய மழைக்கும் நாம் 'பெய்தால்' என்றுதானே சொல்கிறோம்? 'வென் ஐ வில் ரீச்' என்பதும் இதே தப்பு. 'வென் ஐ ரீச்' போதும்.

புளியரையிலிருந்து இன்னொருவர்: 'ஐ வில் மே கம்'?

வராது. 'ஐ மே கம்.' 'எத்தனை சதவீதம்' என்று அடுத்த கடிதம் வேண்டாம்.

ஆரியங்காவு வாசகர்: மலையாளம் வழியாக ஆங்கிலம் படித்தால் சுலபமா?

மலையாள ஆசிரியர் யாரையாவது கேளுங்கள்.

செங்கோட்டை இல்லத்தரசி: 'மேபீ' சேர்த்தா, பிரித்தா?

'ஒருவேளை' என்ற பொருளில் தனியாக நின்றால் சேர்த்து: 'மேபீ ஹி இஸ் அட் ஹோம்.' வினையாக வந்தால் பிரித்து: 'ஹி மே பீ அட் ஹோம்.'