வீட்டுப் பட்ஜெட்டுக்கு 18,000 ரூபாய் சர்வர் வேண்டாம்

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறோம். எனக்கு மாதச் சம்பளம். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், அவர் வருமானம் வாரத்துக்கு வாரம் மாறும். இத்தனை நாள் மளிகை, ஸ்கூல் ஃபீஸ், டீசல் என்று தனித்தனிக் கவரில் பணத்தைப் போட்டு வைத்துச் செலவு செய்தோம். இப்போது எல்லாம் போனிலேயே போய்விடுவதால் கவரில் பணமே இல்லை. அதே முறையில் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேரை வெளியார் கைக்குப் போகாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஆசை. தெரிந்தவர் ஒருவர் மினி சர்வர், லைசன்ஸ், பேங்க் இணைப்பு எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய், வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் தனி என்கிறார். கொடுக்கலாமா? எது நல்ல சாஃப்ட்வேர்?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் லைசன்ஸ் என்று எழுதியிருப்பதே போதும், அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. வீட்டில் வைத்து ஓட்டுவதற்கென்று இருக்கும் நல்ல பட்ஜெட் சாஃப்ட்வேர்களில் இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடும்: ஆக்சுவல் பட்ஜெட், ஃபயர்ஃப்ளை த்ரீ. இரண்டுமே திறமூலம். யாரும் இறக்கிக்கொள்ளலாம், லைசன்ஸுக்கு ஒரு பைசா கிடையாது. உட்கார்ந்து போட்டுக் கொடுத்ததற்குக் கூலி கேட்டால் அது நியாயம். லைசன்ஸ் என்று சொல்லிக் கேட்டால் ஏமாற்று.

உங்களுக்கு ஆக்சுவல் பட்ஜெட். யோசிக்கவே வேண்டாம். கவர் முறையில் கையில் வந்த பணத்தை மட்டும்தான் பிரிக்க முடியும், வரப்போகிற பணத்தைப் பிரிக்க முடியாது, இல்லையா? ஆக்சுவலும் அப்படித்தான். வீட்டுக்காரருக்கு இந்த வாரம் வாடகை வந்தால் அதைப் பதிந்த பிறகுதான் பிரிக்கக் கிடைக்கும், இருப்பதற்கு மேல் பிரித்தால் உடனே சிவப்பில் காட்டிவிடும். நல்ல ஓட்டம் இருக்கும் மாதத்தில் கொஞ்சம் எடுத்து அடுத்த மாதத்துக்கென்று நிறுத்தி வைக்கவும் வசதி உண்டு, வருமானம் ஏறி இறங்கும் வீட்டுக்கு இதுதான் முக்கியம். ஃபயர்ஃப்ளை நல்ல கணக்குப் புத்தகம், ஆனால் அதில் பட்ஜெட் என்பது செலவுக்குப் போடும் வரம்பு. கையில் இல்லாத பணத்துக்கும் வரம்பு போட்டுக்கொண்டு போகலாம், அது உங்களைப் பிடித்து நிறுத்தாது.

கவர் பெயரெல்லாம் தமிழிலேயே எழுதலாம். தொகையும் 1,00,000 என்று நம் ஊர் வழக்கப்படி காட்டும், அமைப்பில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நிதானமாக இருங்கள்: செய்முறை, அதாவது விசேஷங்களில் மொய் வாங்குவதும் திருப்பிச் செய்வதும். நம் பக்கத்தில் காதுகுத்து, சடங்கு, வசந்த விழா என்று வரும் மொய்யை வரவு என்று பதிந்து, பிரிக்கக் கிடைத்த பணமாகக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர்கள் நிறைய. அது வரவு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டியது. ஆக்சுவலில் ‘செய்முறை’ என்று ஒரு கவர் போடுங்கள், வரும் மொய்யைப் பொது வருமானத்தில் சேர்க்காமல் நேராக அந்தக் கவரின் பெயரிலேயே பதியுங்கள், அதன் இருப்பு மட்டும் ஏறும். நீங்கள் போய்ச் செய்யும்போது அதிலிருந்தே கழியும். விசேஷச் செலவுக்கு மொய்ப் பணத்தை எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுத்த தொகையைப் பட்ஜெட்டுக்கு வெளியே ‘திருப்ப வேண்டிய மொய்’ என்று ஒரு தனிக் கணக்கில் கடனாகக் காட்டி வையுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதற்கு மொய் நோட்டு இருக்கவே இருக்கிறது, அதை இதில் ஏற்ற முயற்சி செய்யாதீர்கள். தாய்மாமன் சீராக வரும் நகை, பாத்திரம் எதையும் இதற்குள் கொண்டுவர வேண்டாம், பணமாக வந்தது மட்டும் போதும்.

பேங்க் இணைப்பு என்று அவர் சொல்வதுதான் ஆபத்து. ஆக்சுவலில் பேங்கிலிருந்து தானாக வரவு செலவு இழுக்கும் வசதி இருப்பது ஐரோப்பா, அமெரிக்கா போன்ற இடங்களுக்குத்தான், நம் பேங்குகளுக்கு இல்லை. அப்படியானால் எப்படி இணைப்பார்? உங்கள் நெட்பேங்கிங் பாஸ்வேர்டை வாங்குவார், இல்லை போனில் எஸ்எம்எஸ் படிக்கும் ஒரு ஆப்பைப் போடுவார். அதே எஸ்எம்எஸ்ஸில்தான் ஓடிபியும் வருகிறது. யாராக இருந்தாலும் சரி, சொந்தக்காரப் பையனே ஆனாலும் சரி, இந்த இரண்டும் கூடாது.

இதில் எனக்குக் கோபமே வருகிறது. அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்று நாட்டில் நல்ல ஏற்பாடு இருக்கிறது, 2021 முதல் பேங்குகள் அதில் இணைந்திருக்கின்றன, நாம் சம்மதம் கொடுத்தால் நம் கணக்கு விவரம் கடன் கொடுக்கும் கம்பெனிக்கு நேராகப் போய்விடும். ஆனால் அந்த வழியாக விவரம் வாங்குகிறவர் ரிசர்வ் வங்கி, செபி மாதிரி ஏதாவது ஒரு அமைப்பின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், அதனால் நம் விவரத்தை நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நாமே வாங்க வழியில்லை. கடன் விற்கிறவனுக்குத் திறக்கும் கதவு கணக்குக்குச் சொந்தக்காரருக்குத் திறக்காது என்றால் என்ன நியாயம்? ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பேங்க் தளத்தில் ஸ்டேட்மென்ட்டை சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் எளிய அட்டவணை ஃபைல்) இறக்கி ஆக்சுவலில் ஏற்றுங்கள். பிடிஎஃப் வேண்டாம், ஆக்சுவல் அதைப் படிக்காது. ஏற்றும்போது தேதி நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் இருக்கிறதா, பற்றும் வரவும் தனித்தனிப் பத்தியா என்று இரண்டை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். சின்னச் செலவை அன்றன்றே கையால் பதிவது இதைவிட நல்லது, கவரிலிருந்து எடுக்கிற உணர்வு அப்போதுதான் வரும்.

மெஷின் விஷயம். முதல் இரண்டு மாதம் சர்வரே வேண்டாம், ஆக்சுவலின் டெஸ்க்டாப் ஆப்பை உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகுங்கள். பிடித்திருந்து, இருவர் போனிலும் பார்க்க வேண்டுமென்றால் அப்போது சர்வராக ஒரு பழைய லேப்டாப், 4 ஜிபி ராம் இருந்தாலே தாராளம். மினி சர்வரைவிட லேப்டாப் மேல், ஏனென்றால் மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட்டை நிறுத்தும்போது அதன் பேட்டரி கொஞ்ச நேரமாவது தாங்கும். சர்வர் அணைந்தாலும் கணக்கு போகாது, ஒவ்வொரு கருவியிலும் ஒரு பிரதி இருக்கும், மறுபடி ஓடும்போது சேர்ந்துகொள்ளும்.

போனில் திறந்ததும் பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று ஒரு பிழை வரும். இதைக் காட்டித்தான் வருடா வருடம் டொமைன் (இணைய முகவரி), சர்டிஃபிகேட் (இணைப்பு பாதுகாப்பானது என்பதற்கான சான்று) என்று காசு பிடுங்குவார்கள். நம் கருவிகளை மட்டும் தங்களுக்குள் தனியாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற இலவசச் சேவையை லேப்டாப்பிலும் இரண்டு போனிலும் போட்டால் சர்டிஃபிகேட் அதிலேயே கிடைக்கும், வெளியூரில் லோடு இறக்கும் இடத்திலிருந்தும் உங்கள் வீட்டுக்காரர் பார்க்கலாம். ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து இன்டர்நெட்டில் விடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், உலகமே வந்து கதவைத் தட்டும்.

இதைப் போட்டுக் கொடுக்க ஆள் தேவைப்பட்டால் ஒரு நாள் கூலி பேசிக் கூப்பிடுங்கள், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் நீங்களே அடியுங்கள், டெயில்ஸ்கேல் கணக்கும் உங்கள் மெயிலில்தான் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஆக்சுவலில் ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) கொடுத்து அந்த ஜிப் ஃபைலைப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். உங்கள் தெரிந்தவருக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்து, நெட்பேங்கிங் விவரமும் சொல்லியிருந்தால், அட்வான்ஸைக் கேட்பது அப்புறம், முதலில் இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.