கண்ணருகே ஒரு சில்லு: கேள்வி பதில்

எல்காஸ் (சிலிக்கான்மீது திரவப் படிகம்), டிஎம்டி (சாயும் நுண்கண்ணாடிகள்) போன்ற ஒளிப் பண்பேற்றிச் சில்லுகளை, அதாவது தம்மீது விழும் ஒளியைப் புள்ளி புள்ளியாக மாற்றி அனுப்பும் சில்லுகளை வைத்துக் கண்ணருகே பார்க்கும் சிறு திரைகளை வடிவமைப்பது பற்றிக் கேளுங்கள். எந்தத் தலைக்கருவி வாங்கலாம் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: எல்காஸ் தானாக ஒளிராது என்கிறார்கள். பிறகு படம் எப்படித் தெரிகிறது?

சிலிக்கான் தளத்தில் பளபளக்கும் அலுமினியப் புள்ளிகள், அவற்றின் மேல் திரவப் படிக அடுக்கு. தளவிளைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை, அதன்மீது வீழ்த்துகிறோம். ஒளிர வேண்டிய புள்ளி அந்தத் தளத்தை 90 பாகை திருப்பி அனுப்பும்; இருள வேண்டியது அப்படியே திருப்பி அனுப்பும். நடுவிலுள்ள, அதிரும் தளத்தைப் பொறுத்து ஒளியைப் பிரிக்கும் பீம் ஸ்பிளிட்டர் கனசதுரம் முதலாவதைக் கண்ணுக்கு விட்டு, இரண்டாவதை விளக்குப் பக்கமே தள்ளிவிடும். 2013இல் வந்த கூகுள் கிளாஸும் இந்த வகைதான்.

கேள்வி: 0.43 அங்குலச் சில்லு வைத்திருக்கிறேன், 1280×720 புள்ளிகள். என்ன குவியத் தொலைவுள்ள லென்ஸ் போடலாம்?

லென்ஸை விடுங்கள். கண் எங்கே நிற்கும் என்று முதலில் தாளில் வரையுங்கள். எவரும் இதைச் செய்வதில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் மூக்குக்கண்ணாடி அணிந்தவரும் பார்ப்பார் என்பது நினைவுக்கு வருகிறது.

கண் லென்ஸிலிருந்து 20 மி.மீ. தள்ளி இருக்கட்டும். கண் சற்று அசைந்தாலும் படம் மறையாமலிருக்க 10 மி.மீ. அகல வெளியேறு துளை (முழுப் படமும் தெரிய, கண்மணி நிற்க வேண்டிய ஒளிவட்டம்) வேண்டும் என்று கொள்வோம். சில்லின் மூலைவிட்டம் ஏறக்குறைய 11 மி.மீ. குவியத் தொலைவு 20 மி.மீ. என்றால் மூலைவிட்டப் பார்வைக் கோணம் 31 பாகை. பாகைக்கு 48 புள்ளிகள் சராசரியாகக் கிடைக்கும். கூர்மையான கண் 60 வரை பிரித்தறியும், ஆகவே இது நல்ல நிலை. லென்ஸின் விட்டம் சுமார் 21 மி.மீ.; குவியத் தொலைவை வெளியேறு துளையால் வகுத்தால் எஃப்/2. செய்துவிடலாம்.

ஆசைப்பட்டு 10 மி.மீ. குவியத் தொலைவுக்குப் போனால் கோணம் 58 பாகை ஆகும். ஆனால் பாகைக்கு 25 புள்ளிதான், லென்ஸ் விட்டமோ 32 மி.மீ.! எஃப்/1இல் இயங்கும் அந்த லென்ஸுக்கும் சில்லுக்கும் இடையே கனசதுரமும் நுழைய வேண்டும். ஒளி விழுவதும் திரும்புவதும் ஒரே பக்கம் என்பதால் அதைத் தவிர்க்க வழியில்லை. 20 மி.மீ.யிலேயே நில்லுங்கள்.

கேள்வி: அதே சில்லு, லென்ஸை மட்டும் மாற்றிக் கோணத்தைக் கூட்ட முடியாதா?

மேலே உள்ள பதில்.

கேள்வி: கண்ணை அசைத்தால் எழுத்துகளின் ஓரத்தில் வானவில் தெரிகிறது. சில்லு பழுதா?

பழுதில்லை. சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறீர்கள். இடையில் கண் நகர்ந்தால் மூன்றும் விழித்திரையில் வெவ்வேறு இடத்தில் விழும். நொடிக்கு 180 நிறப்படம் போதாது, 360க்கு ஏற்றிப் பாருங்கள். மின்னழுத்தத்தின் திசையை மாற்றினால் சட்டென மாறும் பெர்ரோ மின் திரவப் படிகம் இதற்கு ஏற்றது. இயற்பியலாளர்கள் கிளார்க்கும் லாகர்வாலும் 1980இல் காட்டிய அதிவேக மாறுதல் அது. ஆனால் மின்னழுத்தம் ஒரே பக்கம் சாயாமலிருக்க, வழக்கமான முறையில் ஒவ்வொரு படத்துக்கும் நேரெதிர்ப் படத்தையும் அடுத்து அதே அளவு நேரம் ஓட்ட வேண்டும். அப்போது விளக்கு அணைந்திருக்கும். பாதி நேரம் வீண்.

கேள்வி: இப்போது தானாகவே ஒளிரும் மைக்ரோ ஓலெட் சில்லு வந்துவிட்டதே. பண்பேற்றியின் காலம் முடிந்ததல்லவா?

மூடிய தலைக்கருவியில் ஓலெட் அருமை. ஆப்பிள் விஷன் புரோவில் அதுதான். வெளியுலகமும் தெரிய வேண்டுமென்றால் கதை வேறு. படத்தைத் தன்னுள் கடத்திக் கண்முன் கொண்டுவரும் அலைவழிக் கண்ணாடி பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடும். அந்த வகைத் தலைக்கருவிகளான முதல் ஹோலோலென்ஸும் மேஜிக் லீப் ஒன்னும் எல்காஸைத் தேர்ந்தெடுத்தன. எல்இடியின் ஒளியைத் தேவையான கூம்புக்குள் ஒடுக்கிச் சில்லில் விழவைக்கலாம். ஓலெட்டோ எல்லாப் பக்கமும் சிதறவிடும்.

அதே வாசகர்: ஓலெட்டின் முன் குவிலென்ஸ் வைத்துச் சிதறுவதை ஒடுக்கலாமே?

கோணம் சுருங்கினால் பரப்பு விரியும். இரண்டின் பெருக்கத்தை எந்த லென்ஸாலும் குறைக்க முடியாது. நுண்லென்ஸ் வைத்தாலும் புள்ளிகளுக்கிடையே உள்ள வெற்றிடம் வரைக்கும்தான் ஆதாயம்.

இன்னொருவர்: அப்படியானால் எல்காஸுக்கு மூன்று வெள்ளை எல்இடி வைத்தால் மூன்று மடங்கு வெளிச்சம்?

இல்லை! சில்லின் பரப்பும் லென்ஸின் கூம்பும் ஓர் எல்இடியாலேயே நிரம்பிவிட்டால், அடுத்த இரண்டின் ஒளி சுவரில்தான் விழும். நிறம் வெவ்வேறானால் மட்டும், ஒரு நிறத்தை விட்டு மற்றதைத் திருப்பும் டைக்ரோயிக் கண்ணாடியால் ஒரே பாதையில் சேர்க்கலாம். வந்த ஒளியையும் கண் முழுதாகக் குடிப்பதில்லை: வெளியேறு துளை 10 மி.மீ., கண்மணி 4 மி.மீ. என்றால் உள்ளே போவது 16 சதவீதம்.

ஓலெட் பற்றிக் கேட்ட வாசகர்: நீங்கள் எல்காஸ் பக்தர்.

டிஎம்டியையும் வைத்துப் பேசுகிறேன். 1987இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தது, தளவிளைவே தேவையில்லை, ஒளி மிச்சம். ஆனால் அதன் நுண்கண்ணாடிகள் 12 பாகைதான் சாயும் என்றால் எஃப்/2.4க்கு மேல் கூம்பை விரிக்க முடியாது. 20 மி.மீ. லென்ஸுடன் வெளியேறு துளை 8 மி.மீ. சொச்சம். கண் எங்கே நிற்கும் என்று வரைந்தவருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும்.

கேள்வி: கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது.

சாய்ந்து வரும் கதிர்கள் கனசதுரத்தில் கசிகின்றன. சில்லின் முன் கால் அலைத் தகடு (ஒளியின் தளவிளைவைத் திருத்தும் மெல்லிய தகடு) வைத்து, கறுப்புப் படத்தைப் பார்த்தபடியே ஓரிரு பாகை திருப்புங்கள்.

கேள்வி: 0.43 அங்குலச் சில்லில் 100 பாகை வருமா?

மறுபடியுமா? குவியத் தொலைவு 4.6 மி.மீ. ஆகும். கோடுகள் வளையாத லென்ஸில் 10 மி.மீ. துளையுடன் அது எஃப்/0.46. காற்றில் எஃப்/0.5தான் எல்லை. வராது.

கேள்வி: விளக்குக்குப் பதில் லேசர்?

கண்ணருகே, வீட்டுச் சோதனையில், வேண்டாம். திரையைப் பார்த்தபின் தலைவலி என்று எழுதியவர் கண் மருத்துவரிடம் போகட்டும்.