தாத்தா குடித்தார், 88 வரை இருந்தார்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தாத்தா தினமும் சாராயம் குடித்தவர். 88 வயது வரை தோட்டத்துக்கு நடந்தே போனார். குடியைத் தொடாத என் அண்ணன் 46 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். டாக்டர் சொல்வது அவருக்கு உண்மை, கண்ணால் கண்டது எனக்கு உண்மை. உண்மை என்பதே ஆளுக்கு ஆள் மாறுவதுதானே?
வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் கண்ட இரண்டையும் எந்த டாக்டரும் மறுக்க மாட்டார். குடி கெடுதல் என்று மருத்துவம் சொல்வதற்கு, குடிப்பவர்கள் எல்லோரும் சீக்கிரம் செத்துப்போவார்கள் என்று அர்த்தம் இல்லை. வருடக்கணக்கில் நிறையக் குடிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஈரலில் கொழுப்பு படிகிறது. ஈரல் தழும்பேறி இறுகிச் சுருங்கும் சிரோசிஸ் வரைக்கும் போவது பத்தில் ஒருவரோ இருவரோதான். அப்படியானால் சிரோசிஸ் வராத தாத்தாக்கள் ஊரெல்லாம் இருக்கத்தான் செய்வார்கள். அந்தக் கணக்கிலேயே உங்கள் தாத்தாவுக்கும் இடம் இருக்கிறது. சிரோசிஸ் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாத்தாவைப் பார்த்தே இருக்க மாட்டார்கள், அதனால் அவர்கள் கதை திண்ணைப் பேச்சுக்கு வருவதில்லை.

அடுத்தது, ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது. இதில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும். எட்டாம் நம்பர் செருப்பு ஒருவருக்குச் சரியாக இருக்கும், இன்னொருவருக்கு இறுக்கும். அதற்காக, இறுக்குமா இறுக்காதா என்பது அவரவர் அபிப்பிராயம் ஆகிவிடாது. காலை ஸ்கேல் வைத்து அளந்தால், போட்டுப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மதுவும் அப்படித்தான். உள்ளே போன ஆல்கஹாலை ஈரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற விஷமாக மாற்றுகிறது. அதன் பிறகு வேறொரு நொதி அதை அசிட்டேட்டாக்கி அப்புறப்படுத்துகிறது. இந்த இரண்டாவது நொதி பிறவியிலேயே பலவீனமாக இருப்பவர்களுக்கு ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். விஷமும் உடம்பில் அதிக நேரம் தங்கும். இது அவரவர் உடம்பைப் பொறுத்த உண்மை, அவரவர் நினைப்பு அதை அசைக்காது. எனக்கு ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவரின் ஈரலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

அவரவருக்கே உரிய உண்மைகளும் உண்டு. பிராந்தி ருசிக்கிறதா, அந்த மயக்கம் பிடித்திருக்கிறதா, அதற்காக இவ்வளவு ஆபத்தை ஏற்கலாமா என்பதையெல்லாம் குடிப்பவர்தான் சொல்ல முடியும். ஆபத்து எவ்வளவு என்பது மட்டும் அவர் கையில் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் பட்டியலில் மதுவை 1988-லேயே சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு இடங்கள். மார்பகத்தில் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது.

கேள்வி: கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்றார்கள். இப்போது ஒரு சொட்டும் ஆகாது என்கிறார்கள். மாறிக்கொண்டே இருப்பதை எப்படி உண்மை என்று நம்புவது?
வாசகி, திருச்சி

பதில்: மது உடம்புக்குள் செய்யும் வேலை மாறவில்லை. நாம் அளந்த விதத்தில்தான் கோளாறு இருந்தது. பழைய ஆய்வுகள் பலவற்றில், கொஞ்சம் குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, குடிக்காதவர்களுக்குத்தான் இதயநோய் அதிகமாகத் தெரிந்தது. அந்தக் குடிக்காதவர்கள் யார் என்று பிறகு தோண்டிப் பார்த்தார்கள். உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தியவர்களும் அதே வரிசையில் நின்றிருந்தார்கள். நோயாளிகளைச் சேர்த்து எண்ணினால் அந்தப் பக்கம் நோய் கூடத்தானே செய்யும்? போதாக்குறைக்கு, அளவாகக் குடிப்பவர்களில் பலர் வசதியும் உடற்பயிற்சியும் உள்ளவர்கள்.

இதைச் சரிபார்க்கச் சீனாவில் ஒரு வழி கிடைத்தது. முன்னே சொன்ன பலவீனமான நொதிக்கான மரபணு அங்கே பலருக்கு உண்டு. அது இருப்பவர்கள் தாமாகவே குறைவாகக் குடிப்பார்கள். பிறக்கும்போதே சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல அமைவது என்பதால், பணமோ பழைய நோயோ இந்தப் பிரிவினையைக் குழப்ப முடியாது. 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வு 2019-ல் வெளியானது. அவர்கள் வாயால் சொன்ன குடி அளவை வைத்துப் பார்த்தபோது, கொஞ்சம் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவாகத் தெரிந்தது. மரபணுவை வைத்துப் பார்த்ததும் அந்த நன்மை காணாமல் போனது. குடி கூடக்கூடப் பக்கவாதமும் கூடியது. மாரடைப்பில் மட்டும், மரபணுவை வைத்துப் பார்த்தபோது நன்மையும் தெரியவில்லை, தீமையும் தெளிவாகத் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பதால்தான் அந்த ஆய்வின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை அச்சத்தோடு படிக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை ஒரு கிளாஸ் குடித்தவரின் ஆபத்து மிகச் சிறியது. ஆனால் அது பூஜ்யம் இல்லை, நல்லதும் இல்லை.

கேள்வி: நான் ஹாட் தொடுவதில்லை, பீர் மட்டும்தான். நண்பர் தினமும் ஒரு கட்டிங். இருவரில் யாருக்குக் கெடுதல் குறைவு?
வாசகர், மதுரை

பதில்: பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். மில்லியை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்து, வந்ததை 0.79-ஆல் பெருக்கினால் சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீதம். 90 மில்லி கட்டிங்கில் 30 கிராம், 180 மில்லி குவாட்டரில் 61 கிராம். 650 மில்லி பீர் 5 சதவீதம் என்றால் 26 கிராம். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் என்றால் 41 கிராம். நீங்கள் குடிப்பது ஸ்ட்ராங் என்றால், நண்பரைவிட நீங்கள்தான் அதிகம் குடிக்கிறீர்கள். சோடா, தண்ணீர், ஐஸ் எதைக் கலந்தாலும் இந்த கிராம் குறையாது.

ஈரல் மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கழிக்கும். மோர், எலுமிச்சை, பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்புக் காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ராத்திரி 10 மணிக்கு ஒரு குவாட்டர் முடித்தவர் காலை 6 மணிக்கு வண்டியை எடுக்கும்போது உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கலாம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சட்டப்படி குற்றம். நான் நிதானமாகத்தான் இருக்கிறேன் என்ற நினைப்புக்கு இங்கே மதிப்பில்லை. பழகிய மூளை தெளிவாக இருப்பதாக நம்ப வைக்கும், பிரேக் பிடிக்கும் கால் தாமதிக்கும்.

கேள்வி: சளி பிடித்தால் குழந்தைக்கு ஒரு ஸ்பூன் பிராந்தி கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். உடம்பு சூடாவது கையிலேயே தெரிகிறதே?
வாசகி, ஊட்டி

பதில்: கொடுக்கவே கூடாது. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிவதால் தோல் சூடாகிறது. உள்ளே இருந்த சூடு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. நீங்கள் தொட்டு உணர்ந்த சூடு பொய்யில்லை, உடம்பு சூடேறுகிறது என்று அதற்குச் சொன்ன காரணம் தப்பு. இன்னொரு ஆபத்தும் உண்டு. ஈரல் சர்க்கரை தயாரிப்பதை ஆல்கஹால் தடுத்துவிடும். குழந்தையிடம் சர்க்கரை இருப்பு குறைவு. பால் குடிக்காமல் தூங்கும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம்.

கேள்வி: வாசனையிலோ ருசியிலோ விஷச்சாராயத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?
வாசகர், விழுப்புரம்

பதில்: முடியாது. விஷச்சாராயத்தில் இருக்கும் மெத்தனாலும், வழக்கமான மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலும் நாக்குக்கும் மூக்குக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் சில மணி நேரம் சாதாரண போதைபோலத்தான் இருக்கும். மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாற 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் வயிற்றுவலி, மூச்சு வாங்கல், கண்முன் பனிமூட்டம். ஒரே இடத்தில் குடித்தவர்களில் ஒருவருக்குக் கண் மங்கினாலும், நன்றாக இருப்பவர் உட்பட எல்லோரும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் முன்கூட்டியே கிடைத்தால்தான் கண்ணும் உயிரும் மிஞ்சும்.

கேள்வி: என் கணவர் பத்து வருடமாக தினமும் இரண்டு குவாட்டர் குடிக்கிறார். காலையில் கை நடுக்கத்தில் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டு, அன்றே நிறுத்திவிடுவேன் என்கிறார். அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்க ஒரு மாத்திரையும் சொல்கிறார்கள். எது நல்லது?
வாசகி, தேனி

பதில்: சகோதரி, மாத்திரையைக் கலக்காதீர்கள். அது பெரும்பாலும் டைசல்ஃபிராம். முன்னே சொன்ன இரண்டாவது நொதியை அது பூட்டிவிடும். தெரியாமல் குடித்தால் விஷம் தேங்கி, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அவர் முழுச் சம்மதத்தோடு, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்த பிறகு, டாக்டர் பார்வையில் தொடங்க வேண்டிய மருந்து அது.

மாலை போடும் எண்ணம் நல்ல எண்ணம், அதைக் குலைக்க வேண்டாம். ஆனால் காலையில் கை நடுங்குகிறவர் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசிக் குடி முடிந்து ஆறு எட்டு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், நாளும் கிழமையும் தெரியாது, காய்ச்சல் அடிக்கும். சாமி வந்துவிட்டது என்று வீட்டில் வைத்திருந்து உயிரை விட்டவர்கள் உண்டு.

அதனால் கார்த்திகை பிறப்பதற்குப் பத்து நாள் முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஐந்தாறு நாள், நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைத் தினமும் அளவு குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒன்றை மட்டும் நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்: தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போட்டாயிற்றா? குடிப்பவர் உடம்பில் அது வற்றிப் போயிருக்கும். சோர்வாக இருக்கிறார் என்று பக்கத்து கிளினிக்கில் முதலில் குளுக்கோஸ் ஏற்றினால், மிச்சம் இருக்கும் பி1-ஐயும் அது தின்றுவிடும். கண் அசைவு கெட்டு, நடை தள்ளாடி, ஞாபகம் நிரந்தரமாகப் போகலாம். முதலில் தயமின், அப்புறம்தான் குளுக்கோஸ்.

போவதற்கு முன் பேச 14416, அரசின் இலவச மனநல எண். வலிப்போ பிதற்றலோ வந்தால் யோசிக்காமல் 108. வலிப்பு வரும்போது வாயில் எதையும் திணிக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்லுங்கள்.