கரிம மூலக்கூறுகள் ஒரு பரப்பில் எப்படி வடிவங்களாக அடுக்கிக்கொள்கின்றன? அதைக் கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். மூலக்கூறுகள் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்வதைத் தன்னொழுங்கமைவு என்கிறோம். பக்கத்து மூலக்கூறும் இழுக்கிறது, கீழே உள்ள பரப்பும் இழுக்கிறது, அதுதான் முக்கியக் காரணம்.

ஓரங்களில் காந்தம் ஒட்டிய அட்டைத் துண்டுகளைத் தட்டில் போட்டு லேசாகக் குலுக்குங்கள். தப்பாக ஒட்டியவை பிரியும், பொருந்தியவை நிலைக்கும். இங்கே குலுக்குவது வெப்பம். காந்தம், பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு, அதாவது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் இன்னொன்றின் ஆக்ஸிஜன் போன்ற அணுவுக்கும் இடையிலான ஈர்ப்பு. அது வலுக் குறைந்தது என்பதால்தான் தப்பைத் திருத்திக்கொள்ள முடிகிறது.

டிரைமெசிக் அமிலத்தைப் பாருங்கள்: ஆறு கார்பன் அணுக்களாலான ஒரு பென்சீன் வளையம், அதிலிருந்து சம இடைவெளியில் நீளும் மூன்று ‘கைகள்’. கிராஃபைட் மேல் இவை கைகோத்தால் தேன்கூடு மாதிரி வலை கிடைக்கும். ஒவ்வொரு ஓட்டையும் சுமார் 1 நானோமீட்டர். கைகளின் இடத்தை மாற்றினால் வடிவமும் மாறும். கரைப்பான், செறிவு, வெப்பநிலையை மாற்றினாலும் மாறலாம்.

அப்புறம், ஒவ்வொரு மூலக்கூறையும் நுண்ணோக்கியின் கூரிய ஊசியால் நகர்த்தி வைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அந்த ஊசி இங்கே பெரும்பாலும் பார்ப்பதற்குத்தான்.